எல்லாரும் கரையேறியாச்சா?

முதலில் சத்தம்தான் வந்தது. விளக்கு வைத்து, ஜெபமாலை சொல்லி முடித்து, மகள் ஷெரினுக்குச் சோறு ஊட்டிப் படுக்க வைத்த பிறகு, தெருமுனையில் விற்றோரியா அக்கா வீட்டுத் தகர வேலியில் யாரோ விரல் நகத்தை ஓட்டிக்கொண்டே வருகிற டர்ர்ர்ர் என்ற சத்தம், தகரத்தின் மடிப்புக்கு மடிப்பு ஏறி இறங்கி, வேலி முடிகிற இடத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஒற்றைச் செருப்பு மணலில் இழுபடுகிற சத்தமாக மாறி, எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும். குடித்துவிட்டு வரும்போது என் வீட்டுக்காரர் லெனார்டு அப்படித்தான் வருவார். வேலியைத் தொட்டுக்கொண்டு வந்தால்தான் தெரு நேராக நிற்கிறது என்பார். சத்தம் கேட்டதும் வழக்கம்போல ஷெரினைச் சுவரோரமாக நகர்த்தினேன், வழக்கம்போல அடுப்படியில் நெருப்பு அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், அதன் பிறகுதான் லெனார்டு எனக்குப் பக்கத்திலேயே பாயில் படுத்து, வியர்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது என் கண்ணில் பட்டது.

"ஜோவிட்டா," என்றது வெளியே அவர் குரல். "கதவத் தொறளா. சத்தியமா நாளையில இருந்து நிறுத்திருதேன்."

உள்ளே படுத்திருந்தவர் நிறுத்திவிட்டிருந்தார். தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பங்குச் சாமியார் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொல்லி, லெனார்டு ஆகிய நான் இனி மதுவைத் தொடமாட்டேன் என்று ஊர் கேட்கச் சொல்ல வைத்தார். அதற்கு முந்தின நாட்களில் பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்து, கை நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, திடீரென்று விட்டால் வலிப்பு வரும் என்று டாக்டர் கண்காணித்து அனுப்பியிருந்தார். கோயிலில் இருந்து வந்ததும், பிராந்திக் கடைக்குப் போகும்போது போடுகிற நீலச் சட்டையையும் கட்டம் போட்ட சாரத்தையும் சுருட்டிக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தார். திரும்பி வந்து, "முடிஞ்சுது," என்றார். நான் அழுதேன். அன்று விளக்கு வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நீலச் சட்டை, கட்டம் போட்ட சாரம், இரண்டிலும் கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே நின்றவரை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மடத்துப் பள்ளியில் தமிழ் எடுத்த சிஸ்டர், பெரியவர்களுக்கு மரியாதை விகுதி போடாமல் எழுதினால் ஸ்கேலால் விரல் கணுவில் தட்டுவார்கள். என் புருஷன் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவரை அவன் இவன் என்று எழுத என் கை வரமாட்டேன் என்கிறது. ஊருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊர் அவருக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தது. எங்கள் புன்னைத்துறையில் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் இரண்டு பெயர், ஒன்று ஞானஸ்நானத்தில் சாமியார் வைப்பது, மற்றது கரையில் கூட்டாளிகள் வைப்பது. குடித்தால் கிழக்கே இருந்து அடிக்கிற காற்று மாதிரி ஓயாமல் பாடி, ஓயாமல் பேசி, ஓயாமல் சிரிக்கிறார் என்பதால் லெனார்டுக்குக் கரைப்பெயர் கொண்டல்.

மறுநாள் காலையில் குழாயடியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "கொண்டல் தனியா வாரான் போல," என்றாள் விற்றோரியா அக்கா, குடத்தைக் கழுவிக்கொண்டே. "எங்க வேலித் தகரம் பூரா நகக் கீறல்." ஏன் இப்படி ஆயிற்று என்பதையும் அவள் வீட்டுக்காரரே குடம் நிறைவதற்குள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். "சத்தியம் பண்ணது யாரு? லெனார்டு. ஞானஸ்நானப் பேரு. அந்தப் பேர்ல அவன் என்னைக்குக் குடிச்சான்? கடையில அவன லெனார்டுன்னு கூப்புட்டா யாருக்காச்சும் தெரியுமா? குடிச்சது பூரா கொண்டலு. அவன் பேரச் சொல்லாம விட்டுட்டாங்க, அவன் பாட்டுக்கு வெளிய நிக்கான்."

இதில் என்ன குழப்பம் என்பது போல எல்லாரும் தலையாட்டினார்கள். "எங்க வீட்டுலயும் இப்படி ரெண்டா பிரிச்சுக் குடுத்தா கொள்ளாம்," என்றாள் ஒருத்தி, "ஒண்ண வச்சிக்கிட்டு ஒண்ணக் கரையோட விட்டுரலாம்." "எத வைப்ப?" என்று இன்னொருத்தி கேட்க, முதலாமவள் பதில் சொல்லாமல் சிரித்த சிரிப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் பாதிக் குடத்தோடு திரும்பினேன். எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை என்பது அந்தக் குழாயடி முழுவதற்கும் தெரியும்.

அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் வீட்டு ஆள் ஒருவர் கடலில் இருக்கும்போது யாரும் கதவுக்குத் தாழ் போடமாட்டார்கள், சாத்தி மட்டும் வைப்பார்கள். கடைசியாக வீட்டுக்குள் வருகிறவர் தாழ்ப்பாளில் கை வைத்து, "எல்லாரும் கரையேறியாச்சா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும், பேசத் தெரிந்த பிள்ளை உட்பட, "ஏறியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் தாழ் விழும். ஒருவர் சொல்லாவிட்டாலும் கதவு சாத்தியபடியே கிடக்கும். எங்கள் வீட்டில் லெனார்டின் அக்கா மெற்றில்டா மைனி சொல்வதில்லை. மைனியின் வீட்டுக்காரர் தொபியாஸ் அண்ணன் ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு, நான் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே, திரும்பி வராமல் போனது. பலகை ஒன்றுகூட ஒதுங்கவில்லை. அதிலிருந்து கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, தாழ்ப்பாள் திறந்தபடியே துருவேறி, கடற்காற்றில் உப்புப் பூத்து, கதவின் ஒரு தழும்பு மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்படியானால் வெளியே நிற்பவர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடலாமே என்று கேட்கலாம். வரமாட்டார். எவ்வளவு ஏறியிருந்தாலும் வீட்டு ஆள் ஒருவர் "உள்ள வா" என்று சொல்லாமல் லெனார்டு படியில் கால் வைக்கமாட்டார். குடித்த வாயோடு கேட்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மைனி அவரைச் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தாள். அந்தப் பழக்கம் வெளியே நிற்பவரிடமும் இருந்தது. ஆக, எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் சாத்திய கதவு ஒன்று, சொல்லாத சொல் ஒன்று, இரண்டுதான் இருந்தன. இந்த வீட்டில் என்னைத் தவிர்த்த மூன்று வாய்களில் எது அந்தச் சொல்லைச் சொல்லுமோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அது சொல்லப்பட்டால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பயத்தோடுதான், ஷெரின் தூங்கிய பிறகு, அடுப்படி விளக்கில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிவைக்க ஆரம்பித்தேன். கை எழுதிக்கொண்டிருந்தால் காது கொஞ்சம் ஓய்கிறது.

லெனார்டு குடித்தால் அடிக்கிறவர் இல்லை, மறக்கிறவர். நிறைமாதத்துக்குக் கிட்டே என்னை டவுன் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, "இந்தா வந்துட்டேன்," என்று போனவர், கூட்டாளிகளோடு வேறு பஸ்ஸில் ஊருக்கு வந்து, பாட்டுப் பாடி, சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். நங்கூரத்தைப் போட மறந்து வள்ளம் அடித்துப் போயிருக்கிறது. அடுப்பில் எண்ணெய் வைத்ததை மறந்து கூரை கரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மறுநாள் அழுவார். அழுததையும் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்.

ஊர் கொண்டலுக்குச் சீக்கிரமே இடம் கொடுத்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் அவர் வலைக்கூடத்தில் வந்து உட்காருவார், விடியும் முன் கரைந்துவிடுவார். கடலுக்குக் கூட்டிப்போக முடியாதே என்பது ஒன்றுதான் கூட்டாளிகளுக்கு அவரிடம் இருந்த குறை. கல்யாண வீட்டுக்காரர்கள் பகலில் வந்து லெனார்டை முறைப்படி அழைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, "ராத்திரி கொண்டலையும் வரச் சொல்லு மாப்ள, அவன் இல்லன்னா பந்தல் எடுபடாது," என்பார்கள். பங்குப் பேரவையில் அவரைத் தனி ஆளாகக் கணக்கில் எடுப்பதா, லெனார்டுக்குள் சேர்ப்பதா என்று சண்டை வந்து, இரவில் மட்டும் இருக்கிறவருக்கு ஓட்டு இல்லை என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்த பெண்கள் சிலர் தங்கள் வீட்டுக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இவரயும் அதே மாரி பிரிச்சுக் குடுங்க சாமி," என்று பங்குச் சாமியாரிடம் நின்றார்கள்.

சாமியார்தான் கொஞ்சம் கலங்கிப்போனார். விட்ட தப்பைத் திருத்துகிறேன் என்று, ஒரு நாள் சாயங்கால ஜெபம் முடிந்த கையோடு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வலைக்கூடத்துக்கே போனார். ஊரே பின்னால் போனது, நானும் போனேன்.

"கொண்டல், இதுல கைய வையி. கொண்டல் ஆகிய நான் இனி மதுவைத் தொடமாட்டேன்னு சொல்லு."

வெளியே நிற்பவர் எழுந்து, சாரத்தை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் கட்டி மரியாதையாக நின்றார். "சொல்லிருவேன் சாமி. ஆனா எனக்கு ஞானஸ்நானமே குடுக்கலியே. நான் சொன்னா அது செல்லுமா?"

சிரிப்பு கடல்வரை போனது. சாமியாரே வாயைத் துடைப்பது போலச் சிரிப்பை மறைத்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தேன். லெனார்டு பனைமரத்தடியில் தனியாக நின்று, நடுங்குகிற கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு, தன்னுடைய முகம் எல்லாரையும் சிரிக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை யாரும் பார்க்கவில்லை. குடியை விட்ட மனுஷரைப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காலையில் கடலுக்குப் போவார், வந்து கிழிந்த வலையைப் பொத்துவார், ஊசி கையில் நிற்காமல் வழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கோர்ப்பார். பொழுது இறங்க இறங்க வீட்டுக்கும் முற்றத்துக்குமாக நடப்பார். இனிப்பு, இனிப்பு என்று கேட்பார், கருப்பட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். ஒருநாள் ஷெரின் தண்ணீரைக் கொட்டியதற்குக் கத்திவிட்டார். பிள்ளை அழவில்லை, அவரை நிமிர்ந்து பார்த்து, "இந்த அப்பா வேண்டாம், பாட்டு அப்பா வேணும்," என்றது. அவர் எழுந்துபோய்க் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

பாட்டு அப்பா வாசலில் நின்றபடி பிள்ளைக்குப் பாடுவார், சட்டைப் பையிலிருந்து சீனிச்சேவுப் பொட்டலத்தை எடுத்துக் கதவிடுக்கு வழியாகத் தள்ளுவார். காலையில் நான் அதைக் கோழிக்குப் போட்டால் கோழியும் தின்னும். அவர் பசியென்றால் மைனி தாங்கமாட்டாள். தட்டில் சோறு போட்டு, நல்ல துண்டமாகப் பார்த்து மீன் வைத்து, கதவை ஒரு சாண் திறந்து நீட்டுவாள். அப்படி நீட்டிய இரவுகளில் எல்லாம், விடியற்காலையில், பக்கத்தில் படுத்திருக்கிற லெனார்டின் வாயிலிருந்து பிராந்தி வாடை வந்தது. சொட்டுகூடத் தொடாதவர். எழுந்ததும் தன் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்து, முகம் வெளுத்து, எனக்குத் தெரிந்துவிட்டதா என்று என்னைப் பார்ப்பார். கதவு ஒரு சாண் திறந்தால் வாடை வருகிறது, முழுக்கத் திறந்து கூப்பிட்டால் ஆளே இவருக்குள் வந்துவிடுவார் என்று எனக்கு விளங்கியது அப்படித்தான்.

மைனியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"மைனி, சோறு குடுக்காதீங்க மைனி. இவருக்குள்ள எறங்குது."

"உள்ள படுத்திருக்கவன் மட்டுந்தான் எந்தம்பியாளா?" என்றாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "வெளிய நிக்கவனையும் நாந்தான் தூக்கி வளத்தேன். வாசல்ல ஒருத்தன் பசியோட நின்னா எனக்குத் தொண்டையில சோறு எறங்காது. கடல்ல நிக்கவருக்கு எவ்வளவு பசிக்குமோன்னு நெனச்சு நெனச்சே எனக்குப் பாதி வயசு போச்சு."

"அப்பம் தாழ்ப்பாளயாவது…"

"தாழ்ப்பாளத் தொடாத." கீரைக்காம்பு படக்கென்று ஒடிந்தது. "உங்க அண்ணன் வருவாரு. வந்து தள்ளிப் பாத்துட்டு, பூட்டிட்டாளேன்னு திரும்பிப் போகவா? நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு."

நான் படித்த படிப்பில் அது வரவில்லை.

கெபி என்று ஒரு கூட்டாளி. லெனார்டோடு ஒரே வள்ளத்தில் போகிறவன். நல்ல மனதுக்காரன், அதனாலேயே எனக்கு அவனைக் கண்டால் பயம். ஒருநாள் மீன் பிரிக்கும்போது லெனார்டிடம் சொன்னான், "மாப்ள, நேத்து ராத்திரி நீ ஒரு பாட்டுப் பாடுன பாரு, எங்கப்பன் செத்தது ஞாவகம் வந்து அழுதுட்டம்ல."

"நான் பாடல."

"சரி, அவன் பாடுனான். ரெண்டும் ஒண்ணுதான."

"ஒண்ணு இல்ல."

"கோவப்படாதல. நீ ஒருநா வந்து அவம்பக்கத்துல உக்காரு. குடிக்க வேண்டாம், சும்மா உக்காரு. எப்பிடி இருந்த ஆளு, இப்பிடி உப்புக் கருவாடு மாரி ஆயிட்டியே."

அன்று இரவு நான் கண்விழித்தபோது பாயில் ஆள் இல்லை. லெனார்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், நெற்றியைப் பலகையில் வைத்து. வெளியிலும் ஒரு நெற்றி அதே இடத்தில் சாய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. இரண்டு மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. கூப்பிட்டால் என்ன சொல்வாரோ, கூப்பிடாவிட்டால் என்ன செய்வாரோ.

"அவன் கேக்கதுகூடக் கஷ்டமில்ல ஜோவிட்டா," என்றார், நான் விழித்திருப்பது தெரிந்தது போல. "அவனப் பாத்து எல்லாரும் சிரிக்காங்க. என்னப் பாத்து யாரு சிரிக்கா?"

எழுந்துபோய் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றேன். இருட்டில் அது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

திருவிழாவுக்குக் கொடியேறிய நாளில்தான் அது நடந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோதே ஊர் முழுக்கக் கோயில் முன்னால் கூடிவிட்டது. கொடிக்கயிறு பிடிக்க லெனார்டைக் கூப்பிட்டார்கள். அந்த மரியாதை அவருக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது, கை நடுங்காமல் இருக்க வேண்டுமே என்று நான் கூடவே போனேன். ஷெரினுக்குக் காய்ச்சல் கணகணவென்றிருந்ததால் மைனியிடம் விட்டுப் போனோம். கொடி ஏறியது, வெடி போட்டார்கள், லெனார்டின் கை நடுங்கவில்லை. திரும்பிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், அன்றைக்கு வெளிச்சம் இருந்தது. அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"புள்ள எங்க மைனி?"

மைனி முற்றத்தில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அவங்கூடத்தான் போயிருக்கு. வெடியக் காட்டிட்டு வாரேன்னு தோள்ல தூக்கிட்டுப் போனான். புள்ளதான் ஓடிப்போயி ஏறிக்கிட்டு." என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "அப்பாதானளா?"

மைனி சொல்லி முடிக்கும் முன்பே லெனார்டு ஓடிவிட்டார். மணலில் அவர் காலடிகளின் மேல் கால் வைத்து நான் ஓடினேன், எனக்குப் பின்னால் மைனி ஓடிவந்தாள். கோயில் பக்கம் வெடி, இந்தப் பக்கம் கடல், நடுவில் என் பிள்ளையின் பெயர். வலைக்கூடத்தில் யாரும் இல்லை. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் யாரும் இல்லை. வள்ளங்கள் ஏற்றிப் போட்டிருக்கிற இடத்தில் நீலச் சட்டை தெரிந்தது. வெளியே நிற்பவர் மணலில் மல்லாந்து, கையில் சீனிச்சேவுப் பொட்டலத்தைப் பிடித்தபடி, எதையோ கேட்டுச் சிரித்தது போன்ற முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிள்ளை இல்லை. ஏற்றத்தண்ணீர் மேலே வந்து, கரையோரம் கிடந்த ஒரு வள்ளத்தைத் தூக்கி, மெல்ல மெல்ல உள்ளே எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வள்ளத்தின் நடுவில், விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அழக்கூடத் தோன்றாமல், ஷெரின் உட்கார்ந்திருந்தாள்.

லெனார்டு தண்ணீருக்குள் விழுந்தார். கழுத்தளவில் போய் வள்ளத்தைப் பிடித்து, பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். ஒரு அலை அவர் தலைக்கு மேல் போனது, பிள்ளை மட்டும் அலைக்கு மேல் தெரிந்தது. கரைக்கு வந்து அதை என் கையில் கொடுத்தபோது அவர் உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் அது பழைய நடுக்கம் இல்லை. ஷெரினின் காய்ச்சல் உடம்பு என் கழுத்தில் சுட்டது. "அப்பா இங்க இருன்னு சொன்னாங்க," என்றது. "இந்தா வந்துட்டேன்னு சொன்னாங்க."

நான் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டேன்.

லெனார்டு தூங்குகிறவரின் தலைமாட்டில் கொஞ்சநேரம் நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன், மிதிப்பார் என்று நினைத்தேன். தண்ணீரில் இறங்குமுன் ஒரு வள்ளத்தின் மேல் எறிந்திருந்த தன் துண்டை எடுத்துவந்து, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல அந்த மார்பின்மேல் போர்த்திவிட்டு, மைனியையும் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு நடந்தார். மைனி மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஈரத்துணி மாற்றவில்லை. ஷெரினுக்குத் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, தாழ்ப்பாளின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். துருவும் உப்பும் எண்ணெயைக் குடித்தன. இன்னும் விட்டார், அதையும் குடித்தன. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினார். உதிர்ந்த துரு அவர் ஈரக்காலில் சிவப்பாக ஒட்டியது. மைனி சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஒரு நேரத்தில் தாழ்ப்பாள் முனகிக்கொண்டு அசைந்தது.

தெருமுனையில் தகரம் கேட்டது. டர்ர்ர்ர். மடிப்புக்கு மடிப்பு ஏறி இறங்கி. பிறகு செருப்பு. பிறகு வாசல்.

"ஜோவிட்டா. கதவத் தொறளா. குளிருது. யாரோ துண்டு போத்திருக்கான், நல்லவன்."

ஷெரின் என் தோளில் தலையைத் தூக்கினாள். அவள் வாய் திறப்பதைப் பார்த்து என் உயிர் நின்றது. ஆனால் அவள் முகத்தை என் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள்.

லெனார்டு தாழ்ப்பாளில் கை வைத்தார். இந்த வீட்டில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"எல்லாரும் கரையேறியாச்சா?"

"ஏறியாச்சு," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஏறியாச்சு," என்றது பிள்ளை, கழுத்துக்குள்ளிருந்து.

"நான் ஏறலியே," என்றது வெளியே. "நான் இங்கதான நிக்கேன். அக்கா, சொல்லுக்கா. நான் இன்னும் வெளியதான நிக்கேன்."

நான் மைனியைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்தது. எந்தச் சொல் வருகிறது என்று தெரியவில்லை. அவள் பார்வை கதவில் இல்லை, கதவையும் தாண்டி, வாசலில் நிற்பவரையும் தாண்டி, கடல் இரைகிற பக்கம் போயிருந்தது. அவள் சொல்லாவிட்டால் தாழ் விழாது, அதுதான் எங்கள் ஊர். லெனார்டும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவின் பக்கம் குனிந்து, சண்டை போடுகிற குரலில் இல்லை, வழி கேட்கிற குரலில் கேட்டார்.

"லே, கொண்டல். புள்ளைய எங்கல விட்ட?"

வெளியே யோசிக்கிற மூச்சு மட்டும் கேட்டது. மனமார யோசிக்கிற மூச்சு.

"எந்தப் புள்ள?" என்றான் அவன்.

மைனி கண்ணை மூடினாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு எழுந்து வந்து, ஷெரினின் சுடுகிற முதுகில் ஒரு கையை வைத்தாள்.

"ஏறியாச்சு," என்றாள். செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள், வாசலில் நிற்கிறவனுக்கும் கடலில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி உரக்க. "எல்லாரும் ஏறியாச்சு, லெனார்டு."

"நானும் ஏறியாச்சு," என்றார் அவர், தனக்குத்தானே, ஞானஸ்நானத்தில் பதில் சொல்வது போல.

இரண்டு கையாலும் தள்ளினார். எண்ணெயும் துருவும் கலந்து வழிய, தாழ்ப்பாள் குழிக்குள் போய் விழுந்தது.